பந்தயக் காரும் நான்கு எலுமிச்சம்பழங்களும்

இவ்வனுபவத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியவர்கள் என் சுற்றத்தாரே. சென்ற ஏழாண்டுகளில் இந்நிகழ்ச்சி திருமணந்தோறும், பந்திக்குப் பந்தி வளர்ந்து, நான் பந்தயக் கார் ஒன்றை மணிக்கு நூறு மைல் வேகத்தில் ஓட்டிக் குளத்தில் இறக்கியதாகவும், அதில் இரண்டு ஆடுகள் உயிரிழந்ததாகவும் வந்து நிற்கிறது. குளம் இல்லை. ஆடுகளும் இல்லை. நடந்தது இவற்றைவிடச் சிறியது; மானக்கேட்டில் மட்டும் சற்றுப் பெரியது. ("எழுதறதுதான் எழுதறீங்க, மகிழுந்துன்னு எழுதாதீங்க, காருன்னே எழுதுங்க" என்பது என் மனைவி சரசுவதியின் கட்டளை. முப்பதாண்டு தமிழ் கற்பித்தவன் பணிகிறேன்.)

சரசுவதியின் தம்பி துரைசாமி, கோயம்புத்தூரில் பந்தயக் கார்களைச் செப்பனிடும் பட்டறைகளில் வாழ்நாளெல்லாம் உழைத்தவர். பிறர் குப்பையென ஒதுக்கியவற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்: விரிசல் விட்ட தலைக்கவசங்கள், உள்ளங்கை தேய்ந்த தோல் கையுறைகள், வெளுத்துப்போன கறுப்பு வெள்ளைக் கட்டக்கொடி, ஒவ்வொரு சுற்றிலும் எந்தக் கார் முந்தியது என்று பென்சிலால் குறித்த தாள்கள். பின்னர் மாநில எல்லைக்கு அப்பால், பெருமாட்டி என்னும் ஊரில் தம் தோப்பிலிருந்த கொப்பரைக் கிடங்குக்கு வெள்ளையடித்து, எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, மோட்டார் பந்தய அருங்காட்சியகம் என்று பெயர்ப்பலகை மாட்டினார். ஊரார் அதைப் பழைய இரும்புக்கடை என்றார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. உள்ளே உண்மையான பந்தயக் கார் ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கக்கூடியவர் ஒருவர் இருந்தார்: கோயம்புத்தூர் கமலவேணி அம்மாள். அவருடைய காலஞ்சென்ற கணவர் ஓட்டிய ஒற்றையிருக்கைச் சிவப்புக் கார் அவர் வீட்டில் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. அம்மையார் உறுதி கூறவில்லை. திறப்பு விழாவுக்குக் காருடன் வருவார். இடத்தையும் மனிதர்களையும் பார்ப்பார். மனம் ஒப்பினால் விட்டுச் செல்வார். ஒப்பாவிடில் வந்த லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போய், பெங்களூரில் காத்திருந்த செல்வர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். துரைசாமி அந்த வாரம் சரியாக உண்ணவும் இல்லை.

லாரி எல்லையிலுள்ள கோபாலபுரம் வழியே வந்து சேர்ந்தது. போர்வையை நீக்கியதும் நான் அதனருகே சென்றேன். அந்தக் காரை நான் அறிவேன். சென்னையில் முதுகலை பயின்ற நாளில், நகருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும்போதெல்லாம் பேருந்தேறிப் போய், வைக்கோற் கட்டுகளுக்குப் பின்னால் வெயிலில் நின்றிருக்கிறேன். எரிந்த ஆமணக்கெண்ணெயின் மணம் காற்றில் மிதக்கும். வெளிநாட்டுக் கார்களுக்கு ஊரே கைதட்ட, கொங்குநாட்டு மாணவர்கள் நாங்கள் ஏழெட்டுப்பேர் ஏழாம் எண்ணிட்ட இச்சிவப்புக் காருக்காகத் தொண்டை கிழியக் கத்துவோம். அது எங்கள் பக்கத்துப் பட்டறையில் பிறந்தது. பெரும்பாலும் ஐந்தாவதாக வரும். விடுதிக்குத் திரும்பியபின் செவியில் இரவெல்லாம் அதன் முழக்கமே கேட்கும். அதில் ஒருமுறை அமர வேண்டும் என்ற ஆசையை நான் எவரிடமும் சொன்னதில்லை.

விழாவன்று முறைப்படி பூசை நடந்தது. காருக்கு மாலை, சந்தனம், நான்கு சக்கரங்களுக்கு முன்னும் நான்கு எலுமிச்சம்பழங்கள். கார் அவற்றை நசுக்கி ஓரடி உருள வேண்டும்; அதன்பின் பஞ்சாயத்துத் தலைவர் நாடா வெட்டுவார். கார் கிடங்கின் வாசலில் நின்றது. வாசலிலிருந்து களத்துக்கு, அந்நாளில் மாட்டுவண்டிகள் ஏறுவதற்காகக் கட்டிய சரிவு ஒன்று இறங்குகிறது. அதன் அடியில்தான் நாடா.

"சும்மா கையில தள்ளிக்கலாமுங்க மாமா. உள்ள ஆரும் உக்கார வேண்டாம்" என்றார் துரைசாமி.

எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறும் வண்டியில் இருக்கை வெறுமையாக இருத்தல் ஆகாது என்றேன். (எந்த நூலில் உள்ளது என்று கேட்காதீர்கள். அக்கணத்தில் நானே இயற்றியது.) அப்படியானால் தாம் அமர்வதாக அவர் சொன்னார். வயதில் மூத்தவர் அமர்வதே மரபு என்றேன். இதுவும் என் இயற்றலே. துரைசாமி என்னைவிட நான்கு வயது இளையவர். எனக்கு அப்போது அறுபத்து நான்கு. பக்குவம் வராத பருவம்.

"நடுவுல இருக்கறதுதானுங்க பிரேக்கு. உருண்டதும் அமுக்கிப்போடுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றார் அவர், கெஞ்சும் குரலில்.

அக்காரில் அமர்வதென்பது உறைக்குள் வாளைச் செருகுவது போன்றது. என் வாள் அகன்றது. இருவர் தோளை அழுத்தி என்னை உள்ளே இறக்கினார்கள். பூசைக்குரிய வண்டியாதலின் வெறுங்கால். உடுத்தியிருந்தது புதிய பட்டுக்கரை வேட்டி. கால்கள் காரின் மூக்குக்குள் நீண்டு கண்ணுக்கு எட்டாமல் மறைந்தன. வேட்டியும் அவற்றைத் தொடர்ந்து சென்றது.

பழங்களோ பெரியவை, நானே பொறுக்கியெடுத்தவை. நால்வர் பின்னின்று தள்ளினார்கள்; முதல் தள்ளலில் சக்கரங்கள் அவற்றின்மேல் ஏறாமல் பின்வாங்கின. "மாஷு கனம்" என்று பின்னால் எவரோ முணுமுணுத்தார். (இப்பக்கத்தில் ஆசிரியன் எவனும் மாஷுதான்.) அடுத்தமுறை நால்வரும் மூச்சடக்கித் தள்ளினார்கள். பழங்கள் வெடித்தன. கார் வாசலைக் கடந்து சரிவில் இறங்கியது. நான் நடுவிலிருந்ததை அமுக்கினேன். அங்கே வேட்டியன்றி வேறொன்றும் என் காலுக்குத் தட்டுப்படவில்லை.

நாடாவைக் காரின் மூக்கே அறுத்தது. தலைவர் கத்தரிக்கோலுடன் தாவி விலகினார். களத்தைக் குறுக்கே கடந்து, நாற்காலிகளுக்கும் பந்தற்காலுக்கும் நடுவே நுழைந்து, தேங்காய் மட்டைக் குவியலில் மோதிக் கார் நின்றது. மேளக்காரர் நிகழ்ச்சி முறையாகவே நடப்பதாகக் கருதிக் கெட்டிமேளம் வாசித்தார்.

என்னை வெளியே இழுத்தபோது வேட்டி உள்ளேயே தங்கிவிட்டது. எனக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையை எவரோ ஓடிவந்து இடுப்பில் சுற்றினார். நாட்டில் பொன்னாடையை அவ்விடத்தில் பெற்ற தமிழாசிரியன் நான் ஒருவனாகவே இருப்பேன். அதைக் குறித்து எவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலுமினிய மூக்கு ஒருபுறம் நசுங்கியிருந்தது. துரைசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. லாரியின் ஓட்டுநர் கயிற்றை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

கமலவேணி அம்மாள் குனிந்து மூக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"பிரேக்கு புடிச்சீங்களா?"

"கால் எங்க இருக்குதுன்னே தெரியலீங்க." முப்பதாண்டுச் செந்தமிழ் என்னைக் கைவிட்டிருந்தது.

"பயந்துட்டீங்களா?"

ஆமென்று சொல்வதுதான் அறிவுடைமை. வாயில் வந்தது வேறு.

"நல்லா இருந்துச்சுங்க."

அம்மையார் காரின்மேல் கை வைத்தார்.

"அவரு போனதுக்கப்பறம் எத்தனையோ பேரு வந்து பாத்தாங்க. கண்ணாடிக் கூண்டுக்குள்ள வெக்கறேன், தூசி படாம பாத்துக்கறேன்னாங்க. உக்காந்து எந்திரிச்சு நல்லா இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்லீங்க." துரைசாமியின் பக்கம் திரும்பினார். "தம்பி, லாரி காலியாவே போகட்டும். வண்டி இங்கயே இருக்கட்டும். மூக்கைத் தட்டி நேராக்கிக்குங்க. ஆனா சாரை மட்டும் மறுபடி உக்கார வெச்சுப்போடாதீங்க."

துரைசாமி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னுடன் பேசுவதற்கு அவருக்கு மேலும் ஒரு திங்கள் ஆயிற்று.

கார் அங்கேயே இருக்கிறது. பள்ளி மாணவர்கள் பேருந்தில் வந்து பார்த்துச் செல்கிறார்கள். அதனருகே அக்கார் ஓடிய பந்தயங்களின் பட்டியல் தொங்குகிறது: ஐந்தாமிடம், ஆறாமிடம், ஐந்தாமிடம், ஒரேயொரு முறை இரண்டாமிடம். அம்மையாரின் விருப்பப்படி கடைசியில் ஒரு வரி சேர்க்கப்பட்டுள்ளது. இடம், பெருமாட்டி. ஓட்டியவர், மாஷு. தூரம், நாற்பதடி. முடிவு, பந்தயத்தை நிறைவு செய்யவில்லை. இன்றும் நான் இலையில் சோற்றை மிச்சம் வைத்தால் சரசுவதி, "இதையும் நிறைவு செய்யலீங்களா?" என்பாள்.

மேற்கண்டவை என் நினைவில் உள்ளபடி எழுதியவை. பிழை இருப்பின் அன்று உடனிருந்தவர்கள் திருத்தி எழுத வேண்டுகிறேன். ஆடுகள் குறித்துக் கடிதம் வேண்டா. பட்டியலிலுள்ள தூரம் பற்றி மட்டும் எனக்கு ஐயம் உண்டு. பின்னொரு நாள், எவரும் இல்லாத வேளையில், வாசலிலிருந்து மட்டைக் குவியல் இருந்த இடம்வரை நானே அளந்தேன், ஐம்பத்திரண்டடி வந்தது. முறையாக அளந்தவர் எவரேனும் இருந்தால் அன்புகூர்ந்து துரைசாமிக்கு எழுதுக. நான் சொன்னால் அவர் கேட்பதில்லை.