கண்ணில் படாத கம்பளம்

தன்னைக் கேட்காமல் இனி ஒரு துரும்புகூட வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூதக்கண்ணாடி சட்டம் போட்டார். சட்டம் போடும்போது மனைவி வாங்கிப் போட்ட சாம்பல் நிற சோபாவில்தான் சாய்ந்திருந்தார். அதுவும் அவரைக் கேட்காமல் நுழைந்ததுதான். சாய்ந்துகொள்ள வசதியாக இருந்ததால் அதை மட்டும் மன்னித்துவிட்டார்.

பூதக்கண்ணாடி என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. தரையில் பதிக்கும் டைல்ஸ் தயாரிக்கிற தொழிற்சாலையில் அவருக்குச் சரக்குப் பரிசோதிக்கும் வேலை. மயிரிழை விரிசல், ஊசிமுனைப் பொத்தல், ஓரத்தில் கடுகளவு உடைசல் எதுவும் அவரிடம் தப்பாது. சந்தேகம் வந்தால் விரலால் சுண்டி ஓசையைக் கேட்பார். பிறகு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அதோடு அந்த டைல்ஸின் கதை முடிந்தது. தொழிற்சாலையில் வைத்த பட்டப்பெயர் வீதி வரைக்கும் வந்துவிட்டது; அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். ஒரே ஒரு சங்கடம், அந்தக் கண் சம்பளம் வாங்கும் இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். வீட்டுக்கு வந்தால் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும். போன வருடம் மனைவி கூந்தலைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்ததை, மைத்துனர் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

மனைவி மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வீதிக்கே டீச்சர். சட்டத்தைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை.

"சரிங்க. அப்போ இப்பவே கேட்டுடறேன். ஹாலுக்கு ஒரு கம்பளம் வாங்கணும்."

"எதுக்கு?"

"ஹாலைப் பாருங்க. அந்தப் பக்கம் உங்க அப்பாவோட பூவும் கொடியும் செதுக்கின அலமாரி, கை வெச்ச மர நாற்காலி. இந்தப் பக்கம் என் சோபா, கண்ணாடி மேஜை. ரெண்டு குடும்பம் வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கு. நடுவுல ஒண்ணு போட்டா ரெண்டும் சேர்ந்துடும்."

"நடுவுலதான் தரை இருக்கே."

"தரை பேசாம இருக்கு."

"தரைன்னா பேசாமத்தான் இருக்கும். அது பேசினாத்தான் பயப்படணும். நான் சோறு திங்கறதே தரையாலதான். அதைத் துணி போட்டு மூடறதா?"

கம்பளத்தோடு அவருக்குத் தனிப்பட்ட பகை ஒன்றும் இல்லை. முதல் மனுவுக்கே தலையாட்டினால் சட்டம் பிறந்த அன்றே செத்துப்போகும், அதுதான் கவலை. வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லவும் தைரியம் போதவில்லை. ஆகவே கடைக்குக் கூடவே போவது, எதையும் வாங்க விடாமல் திரும்புவது என்று முடிவு செய்தார். குறை கண்டுபிடிப்பதுதானே பிழைப்பு.

கடைக்காரர் நல்ல மனிதர். சுருட்டி வைத்திருந்ததையெல்லாம் சலிக்காமல் விரித்தார். முதலில் வந்தது, நடுவில் பெரிய பூவும் ஓரமெல்லாம் கொடியும் ஓடிய சிவப்புக் கம்பளம்.

"இது அலமாரிக்குச் சரி. ஆனா இதுக்குப் பக்கத்துல சோபா ஆஸ்பத்திரி பெஞ்சு மாதிரி தெரியும்."

அடுத்தது வெள்ளையில் கறுப்புக் கோடுகள்.

"இது சோபாவுக்குச் சரி. என் நாற்காலி அட்ரஸ் மாறி வந்த ஆள் மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்குமே."

மூன்றாவது கருநீலம்.

"இது ரெண்டுக்கும் பொருந்தலை. அந்த வகையில நியாயமான கம்பளம். வேண்டாம்."

கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சார், பழசும் புதுசும் சேரணும்னா பழைய டிசைனைப் புது நிறத்துல பார்க்கணும். அலமாரியில இருக்கற பூவோ கொடியோ கம்பளத்துலயும் இருக்கணும், அடிநிறம் சோபாவோட போகணும். அளவு ரொம்ப முக்கியம். சோபாவோட முன்காலும் நாற்காலியோட முன்காலும் ஒரே கம்பளத்துல ஏறி நிக்கணும். அப்பத்தான் ரெண்டும் ஒரே வீட்டுச் சாமானா தெரியும்."

டீச்சர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பூதக்கண்ணாடிக்கோ தப்பிக்கும் வழி தெரிந்துவிட்டது. நடக்காத ஒன்றை நிபந்தனையாக வைத்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லவே வேண்டாமே.

"நான் ஒண்ணு சொல்றேன். பழசும் இருக்கணும், புதுசும் இருக்கணும். ஹால்ல போட்டா புதுசா ஒரு சாமான் வந்திருக்குன்னே தெரியக் கூடாது. மயிரிழை விரிசலைப் பிடிக்கறவன் நான். என் கண்ணையே உறுத்தாத ஒரு கம்பளத்தைக் கொண்டு வந்துட்டா, அன்னியிலிருந்து வீட்டுக்கு எது வந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"எது வந்தாலுமா?" என்றார் டீச்சர்.

"யானையே வந்தாலும்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"இதோ, கடைக்காரரே சாட்சி."

வெறுங்கையோடு திரும்பினார்கள். வழி நெடுக அவருக்கு வாய்கொள்ளாத சிரிப்பு.

அதன்பிறகு வீட்டில் கம்பளப் பேச்சே எழவில்லை. டீச்சர் சரணடைந்துவிட்டார் என்று பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து மர நாற்காலியை இழுத்தார். வழக்கமாக எதிர்வீட்டுக்குக் கேட்கும் கிறீச் சத்தம் வரவில்லை. நாற்காலிக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தார். மறுநாள் டீ கலக்கிய கரண்டி கை தவறி விழுந்தது. சத்தமே இல்லை. "இப்பல்லாம் கரண்டியில எங்கே கனம் இருக்கு" என்று பாத்திரக் கடைக்காரர்களைத் திட்டிவிட்டு எடுத்துக்கொண்டார். சிந்திய டீயைத் துடைக்க டீச்சர் பதறி ஓடிவந்ததை, இத்தனை வருடம் கழித்துத் தன் மேல் பொங்கிய பாசம் என்றே புரிந்துகொண்டு நெகிழ்ந்தும் போனார். காலையில் வெறுங்காலுக்குத் தரை மெத்தென்று இருந்தது. நம் கம்பெனி டைல்ஸ் என்றால் சும்மாவா என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர் வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லோருக்கும் டிரைவிங் வாத்தியார். வாசலில் செருப்பைக் கழற்றினார். ஹாலைப் பார்த்தார். பிறகு சுவரோரமாகவே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சோபா நுனியில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன சார், கால்ல அடியா?" என்றார் பூதக்கண்ணாடி.

"அதெல்லாம் இல்லை. புதுசாச்சே, அழுக்காயிடக் கூடாதேன்னு..."

"எது புதுசு?"

"டீ எடுத்துக்குங்க சார்" என்று டீச்சர் கப்பை நீட்டினார். வாத்தியார் டீச்சர் முகத்தைப் பார்த்தார். எந்த இடத்தில் பிரேக் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? கப்பை வாங்கிக்கொண்டார்.

பூதக்கண்ணாடிக்குக் கேட்க ஓர் ஆள் கிடைத்த உற்சாகம். எழுந்து ஹால் நடுவில் நின்று, கம்பளக் கடையில் தான் வென்ற கதையைக் கையை ஆட்டிச் சொன்னார்.

"பழசும் புதுசும் கலந்ததாம். அந்த மாதிரி கம்பளம் இந்த உலகத்துலயே கிடையாது சார். இருந்தா இங்கே கொண்டு வந்து போட்டுக் காட்டட்டும்" என்று வலது காலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். 'பொத்' என்றது.

"என்னங்க, கொஞ்சம் கீழே பாருங்களேன்" என்றார் டீச்சர்.

பார்த்தார். அலமாரிக் கதவில் தச்சர் செதுக்கிய அதே கொடி, வெளுத்த செங்கல் நிறத்தில் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. அடிநிறம் சோபாவின் சாம்பல். சோபாவின் முன்கால்களும் நாற்காலியின் முன்கால்களும் சம்பந்திகளைப் போல அதில் ஏறி நின்றன. தொழில் பழக்கத்தில் ஓரம், முனை, நூல் எல்லாவற்றையும் கண்ணால் துழாவினார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அழகாக வேறு இருந்தது. வயிற்றெரிச்சல் அதனால் இரண்டு மடங்கானது. கம்பளம் கிடக்கட்டும், சட்டம் போய்விடுமே. இந்த வாத்தியார் நாளைக்கே இதை வீதி முழுக்க ஓட்டுவாரே.

ஆனாலும் மூளை கைவிடவில்லை. கண்ணை உறுத்தாமல் இருந்தால்தானே தோல்வி?

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்று சிரித்தார். "வந்த அன்னிக்கே பார்த்துட்டேன்."

"அன்னிக்கேவா?"

"வாசல்ல கால் வைக்கும்போதே. அப்படி உறுத்திச்சு. நீயா எப்போ சொல்றேன்னு பார்க்கத்தான் பேசாம இருந்தேன்."

டீச்சர் முகம் வாடியது. "அப்போ நான் தோத்துட்டேனா?"

"பின்னே? என் கண்ணுக்குத் தப்புமா? சட்டம் சட்டம்தான்." வெற்றி அவரைத் தாராளமாக்கியது. "ஆனா வந்தது வந்தாச்சு. இருந்துட்டுப் போகட்டும். அனுமதிச்சுட்டேன்."

"ரொம்ப சந்தோஷங்க. அப்போ அலமாரிப் பக்கத்து மூலையில இருக்கற நெட்டை விளக்கையும் பார்த்திருப்பீங்க."

அந்த மூலை அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது. திரும்பினால் குட்டு உடைந்துவிடும். கழுத்தை அசைக்காமல் நின்றார்.

"பார்க்காமலா?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே நீங்க. பிடிக்கலையா?"

"பிடிக்காட்டி அன்னிக்கே பெருக்கல் குறி போட்டிருப்பேனே. நல்லாத்தான் இருக்கு. உயரம் கச்சிதம். அலமாரிக்கும் பொருந்துது, சோபாவுக்கும் பொருந்துது."

"வெளிச்சம்?"

"கண்ணுக்கு இதமா இருக்கு. பேப்பர் படிக்க அதைத்தானே போட்டுக்கறேன்."

வாத்தியார் எட்டி மூலையைப் பார்த்தார். அங்கே ஒரு குடை சாய்ந்திருந்தது. அவர் அவசரமாகக் கப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அப்போ விளக்குக்கும் உங்க அனுமதி உண்டுதானே?"

"தாராளமா."

டீச்சர் காலிக் கப்புகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லதாப் போச்சுங்க. உங்களைக் கேக்காம எப்படி வாங்கறதுன்னு கடையிலயே விட்டுட்டு வந்தேன். நாளைக்குக் கொண்டு வரச் சொல்லிடறேன்."