பத்துக்கு ஒன்பது பொருத்தம்

படித்துப் பார்க்காமல் ‘ஆம்’ என்று அழுத்துகிற ஜென்மம் நான். கணினி எதைக் கேட்டாலும் சரி என்றுவிடுவேன். (என்னிடம் எதையாவது கேட்க வேறு ஆளும் இல்லை.)

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஏசி மாட்டிப் பராமரிக்கும் ஏர்கான் கம்பெனி ஒன்றில் வேலை, பின்தெருவில் ஒற்றை அறை. கிள்ளானிலிருந்து அம்மா அவ்வப்போது ஒரு பெண்ணின் ஜாதகத்தை மின்னஞ்சலில் அனுப்புவார். மதிய இடைவேளையில், ஆபீஸ் கணினியிலேயே, பொருத்தம் பார்க்கும் இணையதளம் ஒன்றில் அதை ஏற்றிப் பார்ப்பேன். ஆனால் கணக்குப் பிரிவு மேரி அக்காவிடம், “கல்யாணமா? எனக்கு இஷ்டமே இல்லக்கா, தனியா இருக்கறதுதான் சுகம்” என்று அளந்து வைத்திருந்தேன். அந்தப் பொய்யை நம்பித்தான் ஆபீஸில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அந்தக் காலத்து பிரவுசரில் ஒரு வசதி இருந்தது. “இனி இந்த வகைக் கோப்புகளை எல்லாம் நானே திறக்கட்டுமா?” என்று இணையதளமே கேட்கும். ஒருநாள் ஜாதகத் தளம் கேட்டது. அம்மா அனுப்புவதெல்லாம் பிடிஎஃப் என்பதால் ஆம் என்றேன். ஆபீஸ் ஒப்பந்தங்களும் பிடிஎஃப்தான் என்பது மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் பூச்சோங்கில் ஆறு கடை வைத்திருக்கும் மிஸ்டர் லிம், பராமரிப்பு ஒப்பந்தம் போட வந்தார். முதலாளி, மேரி அக்கா எல்லோரும் சுவரிலிருந்த பெரிய திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, நான் ஒப்பந்தத்தைத் திறந்தேன்.

கெட்டிமேளம் கொட்டியது. திரையில் பூமாரி பொழிந்தது. இடது பக்கம் பட்டு ஜிப்பாவில் நான். கீழே, “பார்த்த வரன்கள்: 17. பொருந்தியவை: 0.” வலது பக்கம், பெண்ணின் இடத்தில், மிஸ்டர் லிம்மின் கம்பெனி. ஒப்பந்தத் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொண்டு தளம் தீர்ப்பும் சொல்லிவிட்டது: “பத்துக்கு ஒன்பது பொருத்தம். தாமதிக்க வேண்டாம்.”

“வாட் இட் சே ஆ?” என்றார் லிம்.

மேரி அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பொய் வராது. பதினேழையும் சேர்த்தே மொழிபெயர்த்தார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நான் பேனாவைத் தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் போய்விட்டேன்.

எட்டிப் பார்த்தபோது, லிம் மட்டும் சிரிக்கவில்லை. “செவன்டீன் ஆல்சோ கேனாட் ஆ?” என்றவர், சற்று நேரம் என் படத்தையே பார்த்தார். “நைன் அவுட் ஆஃப் டென், குட் லா. வேர் டு சைன்?”

மாலையில் மேரி அக்கா என் மேசையில் ஒரு சோற்றுப் பொட்டலத்தை வைத்தார். “சுகமா இருக்கேன்னு சொன்னியேப்பா, அதான் இத்தன நாளு ஒண்ணுமே கேக்கல.” அறைக்குப் போய் அதைத் தின்றுகொண்டே அழுதேன்.

அந்த வசதியை பிரவுசர்காரர்கள் பிறகு தூக்கிவிட்டார்கள். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நடந்ததை நானே உளறிவிட்டதால், கிள்ளான் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இன்றும் சொல்வார்: “இவனுக்குப் பொருந்துனது அந்த ஏர்கான் கான்டிராக்ட் ஒண்ணுதான்!” எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

லிம் வருடம் தவறாமல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வருகிறார். என் எதிரே உட்கார்ந்து ஒரு கோப்பை டீ குடித்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கு மட்டும் நான் சட்டைக்கு இஸ்திரி போடுவேன்.