தலையெண்ணியாரும் வயதேறாத அலுவலகமும்

இலங்கையில் அரசாங்கச் சம்பளம் பெறும் அத்தனை பேரையும் ஒரு மைதானத்தில் கூட்டி, சக ஊழியரின் பொறுமையைக் கெடுப்பதில் முதல்வர் யார் என்று போட்டி வைத்தால், சண்டை இரண்டாம் இடத்துக்குத்தான் நடக்கும். முதலிடம் எங்கள் தலையெண்ணியாருக்கு உரியது. ஆனால் பரிசை வாங்க அவர் மேடைக்கு வரமாட்டார். மைதானத்தில் எத்தனை பேர் நிற்கின்றனர் என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மாத்திரமே வாழ்ந்தது. தென்மராட்சிப் பக்கத்து அலுவலகம் ஒன்றிலிருந்து முகாமைத்துவ உதவியாளராக இடமாற்றம் பெற்று, கோப்பாய்க்கு அண்மையில் இருந்த எங்கள் பிரதேச அலுவலகத்துக்கு அவர் வந்த முதல் நாளே அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. அன்று ஊழியர் கூட்டம். "எல்லாரும் வந்திட்டியள்தானே, தொடங்குவம்" என்றார் எங்கள் செயலாளர் அம்மையார். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

"இல்லை மேடம். ஒராள் குறையுது."

தேடிப்பார்த்தோம். தேநீர் வைக்கப் போயிருந்த ஜெயராணியை அவர் கணக்கில் சேர்த்திருந்தார். அவள் வந்து அமரும்வரை கூட்டம் தொடங்கவில்லை. தேநீரும் வரவில்லை.

பின்னர் உரும்பிராயில் ஒரு செத்தவீட்டுக்கு ஒன்றாகப் போனோம். பிணம் எடுத்து முடிந்ததும், இறந்தவரின் மூத்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு இவர் சொன்ன ஆறுதல் மொழி இதுவே: "தம்பி, நூற்றுப் பதினாலு பேர் வந்தவை. அதிலை ஏழு பேர் ரெண்டு தரம் வந்திட்டினம்." அன்று முதல் அவருடன் துக்கத்துக்குப் போவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

இத்தகைய மனிதரின் மேசைக்குத்தான், எவருடைய கெட்ட காலமோ, ஆளணி விபரப் படிவம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் படிவத்தைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நாட்டின் அரசாங்கப் பணியில் இருப்போர் எத்தகையோர் என்று கொழும்பு அறிய விரும்பும். ஆணா பெண்ணா, வயது என்ன, இனம் யாது, சமயம் யாது, வீட்டில் பேசும் மொழி எது, உடற்குறை உண்டா, நிரந்தர ஊழியரா அமைய ஊழியரா என்றெல்லாம் நீண்ட தாளில் பெட்டி பெட்டியாகக் கேட்டிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் நிரப்பி அனுப்ப வேண்டும். அவர் வருவதற்கு முந்திய பல ஆண்டுகள் அதனை நிரப்பியவன் நானே என்பதைத் தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறேன். என் முறை மிக எளியது. சென்ற ஆண்டுப் பிரதியை எடுப்பேன். அதனை அப்படியே பார்த்து எழுதுவேன். ஆண்டை மாத்திரம் மாற்றுவேன். எனக்கு முன்னிருந்தவரும் அவ்வாறே செய்தார். அதைத்தான் அவர் எனக்குக் கற்பித்தார்.

அதன் விளைவாக எங்கள் அலுவலகத்தில் எவருக்கும் வயது ஏறவில்லை. தலை நரைத்து மூட்டுவலித் தைலம் பூசிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் கொழும்பின் கணக்கில் இளந்தாரிகள். அலுவலக உதவியாளர் சின்னத்துரை இறந்து ஏழு வருடம். படிவத்தில் அவருக்கு இன்னமும் நாற்பத்து மூன்று வயது, உடல்நலத்துடன் கடமையாற்றிக்கொண்டிருந்தார்.

தலையெண்ணியார் பழைய பிரதிகளை வரிசையாக மேசையில் பரப்பினார். அரைமணி நேரம் ஒவ்வொன்றாய்ப் புரட்டினார். பின்பு கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணை, உது ஆர் செய்தது?"

"ஏன், எழுத்து வடிவாய் இல்லையோ?"

"எழுத்து நல்ல வடிவு. ஆனா செத்த மனிசன் வேலைக்கு வாறார்."

"வாறவை சில பேரைவிட அவர் பரவாயில்லை எண்டு வையுமன்."

அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவை என்பது அவருடைய படிவத்தில் இல்லாத பெட்டி. "நான் ஒவ்வொராளையும் நேரை பாத்து, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் பாத்துத்தான் எழுதுவன்" என்றார். படிவம் போக வேண்டிய நாளுக்கு இரண்டு கிழமையே இருந்தது.

இவ்விடத்தில்தான் ஜெயராணியின் காரியம் வருகிறது. அவள் ஒன்பது ஆண்டுகள் நாட்கூலிக்கு அமைய ஊழியராக இருந்தாள். கோப்புச் சுமப்பது, தேநீர் வைப்பது, முன்மேசையில் கிழவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது எல்லாம் அவள்தான். நிரந்தரமாக்கும்படி அம்மையார் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில் வந்தது: உங்கள் அலுவலகத்தில் அலுவலக உதவியாளர் வெற்றிடம் இல்லை. எப்படி இருக்கும்? சின்னத்துரை சாகவே இல்லையே. இதற்கிடையில் ஜெயராணியின் வயதும் எல்லையைத் தொட்டுவிட்டது. வருகிற ஆடியில் அவளுக்குப் பிறந்தநாள். அதைத் தாண்டினால் நிரந்தர நியமனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இம்முறை படிவம் வெற்றிடத்தைக் காட்ட வேண்டும், அதுவும் குறித்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன் போய்ச்சேர வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டுதான். அடுத்த ஆண்டு அவளுக்குப் பயனில்லை.

"சின்னத்துரையை மட்டும் வெட்டிப்போட்டு மிச்சத்தைப் பழையபடி எழுதி அனுப்பும்" என்று நான் மன்றாடினேன்.

"ஒரு பெட்டி சரி, மற்றப் பெட்டியள் பொய்யெண்டால் ஆர் அண்ணை நம்புவினம்?" என்று கேட்டுவிட்டு அவர் நாடாவால் கட்டிய கோப்புடன் புறப்பட்டார்.

அந்த இரண்டு கிழமையில் நாங்கள் பட்ட பாட்டை எழுத்தில் வடிப்பது கடினம். கணக்குப் பகுதியில் இருந்த பெண் உத்தியோகத்தர்கள் வயதைச் சொல்ல மறுத்தனர். ஒருவர், "போன வருசம் என்ன போட்டிருக்கோ அதையே போடுங்கோ, சந்தோசமாய் இருக்கிறன்" என்றார். தலையெண்ணியார் அவருடைய மேசைக்கு எதிரே கதிரை போட்டு, பத்திரம் வரும்வரை இரண்டு நாள் உட்கார்ந்தார். சாரதி நசீரிடம் வீட்டில் பேசும் மொழி எதுவென்று கேட்க, "வீட்டிலை நான் எங்கை கதைக்கிறன்? மனிசிதான் கதைக்கிறா" என்றான் நசீர். இவர் நசீரின் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்தினார்.

மொழிபெயர்ப்பாளர் நிமாலி குருநாகலைப் பக்கத்துப் பெண். ஆறு ஆண்டு எங்களுடன் இருந்து, எங்களை விட நன்றாக யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பாள். படிவத்தில் எங்கள் அலுவலகம் முழுவதும் தமிழர் என்று நான் எழுதி வந்ததால், அவள் அரசாங்கக் கணக்கில் பிறக்கவே இல்லை.

"தாய்மொழி?"

"சிங்களம் அண்ணை."

"உண்மையே? கோபம் வந்தா எந்த மொழியிலை ஏசுவியள்?"

"உங்களோடை எண்டால் தமிழிலைதான். ரெண்டு கிழமையா அதைத்தானே செய்யிறன்."

இவர் அதனைத் தனித்தாளில் குறித்துக்கொண்டார்.

ஆண் பெண் பெட்டிக்கு வந்தபோது ஒரு பூகம்பமே வெடித்தது. பழைய பிரதிகளின்படி நாங்கள் ஆண்கள் நிறைந்த அலுவலகம். உண்மையில் ஓய்வுபெற்ற ஆண்களின் இடத்துக்கெல்லாம் பெண்கள் பரீட்சை எழுதி வந்து, ஆண்கள் ஒரு மூலைக்குச் சுருங்கிவிட்டிருந்தோம். எவரும் கவனிக்கவில்லை. தலையெண்ணியார் எண்ணினார். எண்ணிவிட்டு நேராகப் பின்வளவுக்குப் போய் அங்கும் எண்ணினார். ஆண்களுக்கு மலசலகூடம் மூன்று, பெண்களுக்கு ஒன்று. இந்தச் செய்தியைப் படிவத்தில் எழுத இடமில்லாததால், அட்டையில் எழுதி அம்மையாரின் அறைக் கதவில் ஒட்டினார். மறுநாள் இரண்டு மலசலகூடக் கதவுகளில் ஆண் படம் போய்ப் பெண் படம் வந்தது. வெற்றிலை போட ஒதுங்குவதற்கு எனக்கென்று இருந்த ஒரே இடமும் பறிபோனது. அதற்காக அவரை நான் இன்றுவரை முழுமையாக மன்னிக்கவில்லை.

ஜெயராணியின் முறை வந்தபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். உடற்குறைப் பெட்டியில் அவர் விரலை வைத்தார். அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சண்டைக் காலத்தில் போனது. அலுவலகம் முழுவதும் அறியும். படிவத்தில் அந்தப் பெட்டிக்கு நேரே, என் அழகிய கையெழுத்தில், 'எவருமில்லை' என்று ஆண்டாண்டாய் இருந்தது.

"உதை எழுதாதேங்கோ அண்ணை" என்றாள் அவள் மெல்லிய குரலில். "எழுதினா, இவளாலை வேலை செய்ய ஏலாதெண்டு கொழும்பிலை சொல்லிப்போடுவினம். வயசும் ஏறுது. இருக்கிற ஒரு வழியும் அடைபட்டிடும்."

"பிள்ளை, வருசா வருசம் இந்தப் பெட்டியிலை ஒருத்தருமில்லை எண்டு போயிருக்கு. நீ அப்ப எங்கை நிண்டனி?"

"இங்கைதான் நிண்டனான்."

"எத்தினை படி ஏறி இறங்கிறாய் ஒரு நாளைக்கு?"

"எண்ணேல்லை அண்ணை."

"நான் எண்ணினனான். நூற்றி அறுபது. அதையும் படிவத்தோடை போற கடிதத்திலை எழுதுறன். பேந்து ஆர் சொல்லுவான் ஏலாதெண்டு?"

அவள் தலையாட்டினாள். நான் என் கோப்பில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்குப் படிவம் முடிந்தது என்று நினைத்தோம். அம்மையார் கையொப்பமிடப் பேனையை எடுத்தார். தலையெண்ணியாரோ ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வாழ்க்கையில் நான் சொல்லியிருக்கக் கூடாத வசனம் ஒன்று அப்போது வாயிலிருந்து விழுந்தது.

"ஊரிலை உள்ளவன்ரை பிறப்பத்தாட்சி எல்லாம் பாத்தீர். உம்மடையதை ஆர் பாத்தது?"

அவருடைய விரல் தாளில் நின்றது.

அவருடைய தனிப்பட்ட கோப்பில் இருந்தது உத்தேச வயதுச் சான்றிதழ். இடம்பெயர்ந்த காலத்தில் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. அவர் பிறந்த அளவெட்டிப் பக்கத்துப் பதிவேடுகளைத் தேடிப்பார்க்க அப்போது வழியில்லை. ஆகவே பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அந்நாளில் இட்ட திகதியை நம்பி ஒரு சான்றிதழ் வாங்கி, அதிலேயே காலத்தை ஓட்டியிருந்தார். எங்கள் தலைமுறையில் பாதிப்பேருக்குப் பிறந்தநாள் வைத்தவர் தலைமையாசிரியரே.

"மூலப் பத்திரம் பாக்கேல்லை" என்றார் அவர், தன்னைத்தானே கைது செய்பவர்போல. "இப்ப அந்தப் பதிவேடு இருக்குதாம். போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"விசரே உமக்கு! மூண்டு மணிக்குப் படிவம் போக வேணும்!"

"இப்ப பத்துத்தானே."

"சரி, நசீரின்ரை வாகனத்திலை போட்டு வாரும்!" என்று அம்மையாரே எழுந்து கூவினார்.

"சொந்த அலுவலுக்கு அரசாங்க வாகனமோ மேடம்?" என்றார் தலையெண்ணியார். படிவத்தில் தம் வயதுப் பெட்டியை அழித்து வெறுமையாக்கி, அரைநாள் லீவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

அடுத்த நாலரை மணி நேரமும் அலுவலகத்தில் எவரும் வேலை செய்யவில்லை. அனைவரும் என்னை ஏசுவதிலேயே ஈடுபட்டனர். நிமாலி இரண்டு மொழியிலும் ஏசினாள். ஜெயராணி மாத்திரம் முன்மேசையில் இருந்து வாசலையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் பின்வளவுக்குப் போனேன். அங்கேயும் எனக்கு இடமில்லை.

இரண்டரை மணிக்குச் சைக்கிள் வந்தது. உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. சட்டைப் பையில் பொலித்தீனில் சுற்றியிருந்த பத்திரம் மாத்திரம் நனையவில்லை. அதை வாங்கி வாசித்தேன். பதினான்கு மாதம் மூப்பு. ஓய்வுபெற இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பதாக நினைத்திருந்த மனிதர், இதன்படி இன்னும் மூன்று கிழமையில் வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் பத்திரத்தை மடித்தேன். "இதை நான் காணேல்லை. நீரும் காணேல்லை. உத்தேச வயதும் அரசாங்கம் தந்ததுதானே. அதையே எழுதும். ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"ஓம், கேக்கமாட்டினம்" என்றார் அவர். பத்திரத்தை என் கையிலிருந்து எடுத்தார். "அந்தப் பிள்ளையின்ரை வயசை மாதக் கணக்கிலை சரியாய் எழுதினனான். என்ரையை மட்டும் குறைச்சு எழுதினா, நாளைக்கு ஆரும் ஒருத்தன் ஒரு பெட்டி பிழையெண்டு காட்டி முழுப் படிவத்தையும் திருப்பி அனுப்புவான். அதோடை அவளின்ரை வெற்றிடமும் போம்."

"அப்ப உம்மடை ஒரு வருசச் சம்பளம்?"

"அதுக்குப் படிவத்திலை பெட்டி இல்லை அண்ணை."

இரண்டு ஐம்பதுக்குப் படிவம் மின்னஞ்சலில் போயிற்று. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைத் தமது கோப்பில் அவரே துளையிட்டுக் கோத்தார். மூன்று கிழமை கழித்து அவருக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். வெற்றிடம் ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஆடி பிறப்பதற்கு எட்டு நாள் முன்பாக ஜெயராணியின் நியமனக் கடிதம் வந்தது. அவர் அதனை அவளுக்காகச் செய்தாரா, பெட்டிக்காகச் செய்தாரா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. நேரே கேட்டுப் பார்த்தேன். "ரெண்டும் ஒண்டுதானே" என்று என்னை ஒரு மூடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நானும் இப்போது ஓய்வூதியக்காரன். ஆண்டுக்கொரு தடவை நாங்கள் உயிருடன் இருப்பதை அலுவலகத்துக்குப் போய் உறுதிப்படுத்த வேண்டும். அந்த மேசையில் இருப்பவள் ஜெயராணி. அவர் எந்த நாள் போகிறார் என்று விசாரித்து, அதே நாளில் நானும் போய் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பேன். வரிசை நகரும்வரை அவருடைய எண்ணல் தொல்லையைச் சகிக்க வேண்டியிருக்கும். ஜெயராணி முகத்தில் சிரிப்பே இல்லாமல், "உயிரோடை இருக்கிறியளோ அண்ணை?" என்று கேட்பாள். அவர் ஆதாரம் தேடுபவர்போல் சற்று யோசித்துவிட்டு, "ஓம்" என்பார். அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்ட பிறகுதான் என்னுடைய படிவத்தை நான் நீட்டுவது.