கம்பெனி ஃபிட்டிங்

"மனித குலம் கெட்டுப்போனது ஸ்குரூடிரைவரைக் கண்டுபிடித்த அன்றைக்குத்தான்" என்றார் ஓகே சார்.

அவர் மடியில் இருந்த புது பேஸ் கிட்டார் "ம்ம்ம்ம்" என்றது. அதை யாரும் தொடவில்லை. ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்த நேரத்திலிருந்து அது தானாகவே எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த டேபிள் ஃபேன் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனை ஓகே சாருடைய பொறுப்பு. வரிசையில் வரும் ஃபேனை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டு, அடியில் 'ஓகே' என்று ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டுவார். பெயர் வந்தது அப்படித்தான். சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். அவர்களுக்கும் அது மெல்ல மறந்துகொண்டிருந்தது.

ஆண்டு விழாவுக்காக ஊழியர்கள் ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் ஒத்திகை. டிரம்ஸ் வாசிப்பவர் பேக்கிங் சூப்பர்வைசர்.

"இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல சார். கடையில குடுத்தீங்கன்னா பின்மூடியைத் திறந்து, சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பை மாத்தி, உள்ள செப்புத் தகடு ஒட்டிக் குடுத்துடுவான். இரைச்சல் போயிடும்."

"மூடியைத் திறந்து?"

"திறக்காம எப்படி சார் மாத்துறது?"

"இதைப் பண்ணின கம்பெனியில என்னை மாதிரி ஒருத்தர் உட்கார்ந்து, காதால கேட்டு, சரின்னு சொல்லி அனுப்பியிருக்கார். நான் அதைத் திறந்தா அவர் மூஞ்சியில துப்பின மாதிரி. இது கம்பெனி ஃபிட்டிங். ஆல்டர் பண்றவன் எல்லாம் வாசிக்கத் தெரியாதவன்யா. விரல் ஒழுங்கா இருந்தா எவனாவது ஒயரைப் போய் நோண்டுவானா?"

"அவருக்குக் காது கேட்டுச்சான்னு யாராவது பார்த்தாங்களா சார்?"

"ம்ம்ம்ம்" என்றது கிட்டார்.

குழுவில் பாடுபவரும் குழுவை ஆள்பவரும் கணக்குப் பிரிவு மேடம். அவர் மைக்கைக் கீழே வைத்தார். "யார் மேல தப்புன்னு எனக்குத் தெரிய வேண்டாம். விழாவுல நான் பாடும்போது இந்த வண்டு கூடப் பாடக் கூடாது. பாடுச்சுன்னா பேஸ் வேண்டாம். ஸ்டோர் கீப்பர் கீபோர்டுல இடது கையாலயே வாசிச்சுக்கட்டும்."

ஸ்டோர் கீப்பர் தன் இடது கையைப் புது மரியாதையோடு பார்த்துக்கொண்டார்.

இத்தனை வருஷம் எல்லா ஆண்டு விழாவிலும் கீழே உட்கார்ந்து கைதட்டியவர் ஓகே சார். இந்த வருஷம்தான் மேடை. மனைவி வீட்டார் அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது.

வீட்டுக்குப் போய் யோசித்தார். கிட்டாரில் குறை இருக்க முடியாது. ஆகவே குறை உலகத்தில்தான் இருக்க வேண்டும். உலகத்தை ஹாலிலிருந்து சரிசெய்ய ஆரம்பித்தார்.

முதலில் டியூப் லைட்டைக் கழற்றினார். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. அடுத்து ஃபிரிட்ஜை அணைத்தார். இன்னும் கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. காலையில் மனைவி பால் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"பால் ஏன் திரிஞ்சிருக்கு?"

"ஃபிரிட்ஜ் ஓய்வு எடுக்குது."

"அது சம்பாதிச்சு ரிட்டயர் ஆயிடுச்சா?"

மறுநாள் ஓர் அறிவியல் உண்மையைக் கண்டுபிடித்தார். கிட்டாரோடு மெதுவாகச் சுற்றினால், ஏதோ ஒரு திசையில் இரைச்சல் பாதியாகிறது. அந்தத் திசை சமையலறை மூலையில் இருந்தது. அங்கே அடுப்பு இருந்தது. அடுப்பை ஹாலுக்கு மாற்றினார்.

அன்று பார்த்து மச்சான் வந்தார். ஹாலில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. சமையலறையில் மாமா இருட்டில், சுவரைப் பார்த்தபடி, கிட்டாரோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா, சண்டையா?"

"சண்டைன்னா கூட நாலு நாள்ல சரியாயிடும்டா. இது சங்கீதம்."

மனைவி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஒரு மூடியைத் திறக்க மாட்டேன்னு வீட்டையே பிரிச்சுப் போட்டிருக்கீங்களே, இது ஆல்ட்ரேஷன் இல்லையா?"

"வீட்டை யாரும் செக் பண்ணி அனுப்பலையே" என்றார் சுவரிடம்.

கேன்டீனிலும் அதே அறிவியலைப் பயன்படுத்தினார். அங்கே இரைச்சல் குறையும் திசை, விழா மைதானத்தில் ஆட்கள் உட்காரும் பக்கத்துக்கு நேர் எதிரே இருந்தது.

"ஜனங்களுக்கு முதுகைக் காட்டியா வாசிக்கப் போறீங்க?" என்றார் மேடம்.

"மேடையை அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டுட்டா நான் முகத்தைக் காட்டலாம் மேடம்."

"மேடை கம்பெனி ஃபிட்டிங் சார், தொடக் கூடாது" என்றார் டிரம்மர்.

ஒத்திகை முடிந்து கேபிளைப் பிடுங்கப் போனபோதுதான் அது நடந்தது. கிட்டாரில் செருகியிருந்த பிளக்கின் உலோகத்தில் விரல் பட்டதும் இரைச்சல் நின்றது. விரலை எடுத்தார், வந்தது. வைத்தார், போனது.

"யாராவது இதைப் பிடிச்சுக்கிட்டே என் பக்கத்துல நின்னா போதும்" என்றார்.

யாரும் முன்வரவில்லை. ஸ்டோர் கீப்பரிடம் இடது கையை மட்டும் கேட்டுப் பார்த்தார். அது இப்போது வேறு எதிர்பார்ப்பில் இருந்தது.

ஓகே சார் மெல்லிய செப்புக் கம்பி ஒன்றை எடுத்துவந்தார். ஒரு முனையை பிளக்கில் சுற்றினார். மறுமுனையை பேண்ட்டுக்குள் விட்டு, கீழே இழுத்து, கால் கட்டைவிரலில் கட்டினார். கேன்டீன் அமைதியானது. வெளியே குருவி கத்துவது கூடக் கேட்டது.

டிரம்மர் குனிந்து கட்டைவிரலைப் பார்த்தார். "சார், கிட்டாருக்குள்ள ஒரு ஒயர் வைக்கக் கூடாது, உங்களுக்குள்ள வைக்கலாமா?"

"கிட்டார் அப்படியேதானே இருக்கு? மாறினது நான்."

ஆண்டு விழா அன்று மாலை மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தன் வீட்டார் முன்னால் அவர் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. ஆகவே ஷூ போட்டார். ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் கம்பி, கம்பிக்குள் கட்டைவிரல். நடக்கும்போது ஒரு காலைத் தூக்கிவிட்டு யோசித்து வைத்தார். பார்த்தவர்கள் மேடை பயம் என்று நினைத்தார்கள்.

சிறப்பு விருந்தினர் வருவதற்குமுன் மைக் சோதனை. முதல் பாட்டின் பல்லவி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பேஸ் நன்றாகக் கேட்டது என்று மேடமே தலையசைத்தார். அந்த உற்சாகத்தில் ஓகே சார் காலால் தாளம் போட்டார். கம்பி அறுந்தது.

கேன்டீனில் வண்டாக இருந்தது மைதானத்து ஸ்பீக்கர்களில் விமானமாக வந்தது. ஜெனரேட்டர் தானாக ஓடுகிறது என்று நினைத்த எலக்ட்ரீஷியன், அதை நிறுத்த ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினார். அதுவரை நின்றுகொண்டிருந்த ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது.

எல்லாம் அடங்கியபின் மேடம் அமைதியாகப் பேசினார். அவர் அமைதியாகப் பேசினால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். "விழா ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் இருக்கு. அதுக்குள்ள இது வாயை மூடணும். இல்லன்னா நீங்க கீழ போய் உங்க வீட்டுக்காரங்களோட உட்கார்ந்துக்கலாம்."

ஓகே சார் கீழே பார்த்தார். மனைவி இரண்டாவது வரிசையில் துப்பட்டாவைப் போட்டு ஆறு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். அதில் அவருக்கு ஒன்று இல்லை. மச்சான் இப்போதே ஃபோனைத் தூக்கிப் பிடித்து, எந்தக் கோணத்தில் மாமா நன்றாகத் தெரிவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. ஓகே சார் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கிட்டாரைக் குப்புறப் படுக்கவைத்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

மூடி சுலபமாக வந்துவிட்டது. உள்ளே ஒரு கறுப்பு ஒயர் எதிலும் ஒட்டாமல் நின்றுகொண்டிருந்தது. அறுந்ததல்ல, அதன் முனை பளபளவென்று இருந்தது. பற்றவைக்க மறந்துபோன எர்த் ஒயர். அதற்குப் பக்கத்திலேயே வட்டமாக ஒரு சின்ன ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் ஒரு டிக், கீழே ஒரு கையெழுத்து. அவசரத்தில் போட்ட கையெழுத்து இல்லை. நிதானமாக, நல்ல மனநிலையில் போட்டிருந்தார்கள்.

ஓகே சார் அந்த டிக்கை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

கதவு திறந்தது. டிரம்மர். "சார், மேடம் கேட்கச் சொன்னாங்க..." என்று ஆரம்பித்தவர், திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத் தானும் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயும் சொல்லாதய்யா" என்றார் ஓகே சார், நிமிராமல். "சால்டரிங் அயர்ன் எங்கயாவது கிடைக்குமா?"

"எங்க பேக்கிங் ரூம்லயே இருக்கு சார், இதோ வந்துட்டேன்."

போன வேகத்தில் வந்தார். அயர்னில் இன்னும் சூடு ஆறவில்லை. ஓகே சார் அதைச் சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டில் செருகினார். ஈயம் உருகி, கொஞ்சம் புகை வந்தது. எல்லோரையும் எதற்காகக் கேலி செய்தாரோ அதைச் சத்தமில்லாமல் செய்து முடித்தார். ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மூடியைத் திரும்ப வைக்கும்போதுதான் அவருக்குத் தோன்றியது.

"ஏன்யா, பேக்கிங்ல அட்டைப் பெட்டியும் டேப்பும்தானே வேலை? அங்க எதுக்கு சால்டரிங் அயர்ன்?"

டிரம்மர் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"பின்ன, நீங்க ஓகே போட்டு அனுப்புற ஃபேனை எல்லாம் திறந்து ஒயரைப் பத்தவைக்காம, அப்படியேவா சார் பேக் பண்ண முடியும்?"