பேட்டரி சைக்கிளில் வந்த கல்யாண ஜாக்கெட்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தங்கை கலா இதைப் படித்துவிட்டு, அதை ஏன் எழுதவில்லை என்று போன் செய்து கேட்பாள்.

பேட்டரி சைக்கிள் வாங்கிய இரண்டே மாதத்தில் அஸ்தினாபுரத்தில் நான் அதில் போகாத கடை கிடையாது. கொத்தமல்லிக்கு ஒரு தடவை, கறிவேப்பிலைக்குத் தனியாக ஒரு தடவை. (வேண்டுமென்றே மறந்துவிட்டு வருவேன்.) தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டும்போது மட்டும் காரணமே இல்லாமல் பெல் அடிப்பேன். பல வருஷமாக என்னைக் குரோம்பேட்டை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டவர் அங்கே இருக்கும் ஏழுமலை அண்ணன். அவரிடம் ஒரு நாள் வண்டியை நிறுத்தி, "இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்லண்ணா" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

"நல்லா இரு சார்" என்றார் அவர்.

கலாவின் கல்யாணம் திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில். அங்கேயும் சைக்கிளில்தான் போனேன். முகூர்த்தத்தன்று விடிந்ததும், காபி டம்ளரும் கையுமாகச் சொந்தக்காரர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒரு ரவுண்டு குடுடா" என்று பெரியப்பா ஆரம்பித்து வைத்தார். பிறகு பெரியப்பாவைப் பின்னால் உட்காரவைத்துச் சித்தப்பா ஒரு ரவுண்டு. அப்புறம் மாமாக்கள், மாமா பிள்ளைகள். "மிதிக்கவே வேணாமா?" என்று ஒவ்வொருவரும் கேட்க, நானே கண்டுபிடித்த பொருள் மாதிரி தலையசைத்துக்கொண்டு நின்றேன். சார்ஜ் குறையும் என்பது அந்தக் கண்டுபிடிப்பாளனுக்குத் தோன்றவே இல்லை.

ஆறே முக்காலுக்கு மணமகள் அறையிலிருந்து என் மனைவி சுதா ஓடி வந்தாள்.

"கலா ஜாக்கெட் எங்க?"

தையல்காரரிடம் இருந்தது. கை பிடிக்கிறதென்று பிரிக்கக் கொடுத்திருந்தோம். முந்தின நாள் வாங்கி வந்திருக்க வேண்டியவன் நான். அதில் இருந்த ஆரி பூவேலை முழுவதும் கலாவே மூன்று மாதம் உட்கார்ந்து போட்டது. முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது.

"ஆட்டோ புடிச்சுப் போங்க" என்றாள் சுதா.

"ஆட்டோவா? இதுல சும்மா பறந்துட்டு வந்துடுவேன்."

கலா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். பழைய ஜாக்கெட்டின் மேல் துண்டைப் போர்த்தியிருந்தாள். "அண்ணா, வந்துடுவல்ல?"

"ஏழரைக்கு இங்க நிப்பேன்" என்றேன்.

போகும்போது பறக்கத்தான் செய்தேன். எங்கள் தெருவிலேயே இருக்கும் தையல்காரரை எழுப்பி, ஜாக்கெட்டைப் பையில் வாங்கி, வண்டியைத் திருப்பினேன். ஆட்டோ ஸ்டாண்டுக்கு நேர் எதிரே வண்டி நின்றது. பேட்டரி தீர்ந்த சைக்கிளை மிதித்துப் பார்த்திருக்கிறீர்களா? பீரோவுக்குச் சக்கரம் வைத்து மிதிப்பது போலிருக்கும்.

"இன்னா சார், இன்னிக்கு பெல்லு அடிக்கல?" என்றார் ஏழுமலை அண்ணன்.

"சார்ஜ் போயிடுச்சுண்ணா. தங்கச்சி கல்யாண ஜாக்கெட் இது, திருநீர்மலை மண்டபத்துக்குப் போகணும்."

"எத்தினி நேரம் போடணும்?"

"நாலு மணி நேரம்."

"கண்ணாலம் எப்போ?"

"ஏழரை."

வாட்சைப் பார்த்தார். "வண்டிய இங்கியே வுட்டுட்டு உள்ள குந்து. நம்ம பசங்க பாத்துப்பானுங்க."

அறிவுள்ளவன் குந்தியிருப்பான். எனக்கோ மண்டப வாசலில் நிற்கும் பெரியப்பா கண்ணுக்குள் வந்தார். "இல்லண்ணா, நான் இதுலயேதான் போய் எறங்கணும்."

அவர் ஆட்டோவை ஸ்டார்ட் செய்து என் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "பேஜாரு புடிச்ச ஆளு சார் நீ. செரி, ஏறு. பேலன்ஸ் மட்டும் பண்ணு."

நின்றுபோன ஆட்டோவை இன்னோர் ஆட்டோக்காரர் காலை நீட்டித் தள்ளிக்கொண்டு போவதை நம் ஊரில் தினமும் பார்க்கிறோம். அந்த மரியாதை அன்று எனக்குக் கிடைத்தது. அவர் ஆட்டோவை ஓட்டியபடியே ஒரு காலை வெளியே நீட்டி என் கேரியரில் பதித்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்து என்னைப் பார்த்தது. சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்காரர் என் பட்டு வேட்டியைக் கவனித்து, "மாப்பிள்ளையா?" என்றார்.

"பொண்ணோட அண்ணங்காரன்" என்று எனக்கு முன்னால் பதில் சொன்னார் ஏழுமலை அண்ணன். "ஜாக்கெட் எடுத்துகினு போறோம்."

மண்டபத்துக்கு ஐம்பது அடி முன்னால் அவரைக் கழற்றிவிட்டு, நானே கம்பீரமாக மிதித்து நுழைவதாகத் திட்டம். "போதும்ணா, விட்டுடுங்க!" என்று கத்தினேன்.

"மணி எட்டாவப் போவுது, ஒழுங்கா ஒக்காரு" என்று இன்னும் ஓர் அழுத்து அழுத்தினார்.

வாசலில் மேளம். மாப்பிள்ளை வீட்டார் வழிவிட்டு ஒதுங்கினார்கள். (இதுவும் எங்கள் பக்கத்துச் சடங்கு என்று நினைத்தார்களாம்.) வீடியோக்காரர் கேமராவை என் பக்கம் திருப்பினார். ஏழுமலை அண்ணன் பிரேக் போட்டுக் காலை எடுத்துக்கொண்டார். எனக்கு பிரேக் என்ற ஒன்று இருப்பதே நினைவில்லை. நேராகப் போய் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு, அதோடு சேர்ந்து சாய்ந்தேன். பையை மட்டும் தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பெரியப்பா என்னைத் தூக்க வந்தார். அதற்குள் ஏழுமலை அண்ணன் என் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டு, "பொண்ணு ரூம் எதும்மா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடிவிட்டார்.

எட்டே முக்காலுக்குத் தாலி ஏறியது. மேடைக்கு நான் போனபோது, கலா அந்த ஜாக்கெட்டின் கையை ஒரு முறை தடவிவிட்டுக்கொண்டு, என் தலையிலிருந்த வாழையிலைக் கிழிசலை எடுத்துப் போட்டாள். திட்டவில்லை. குடும்ப போட்டோவுக்கு மட்டும் ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். நான் ஓரத்தில், பெரியப்பா தோளுக்குப் பின்னால், பாதி தெரிகிறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வீடியோவில் வாழைமரக் கட்டத்தை இரண்டு தடவையாவது ஓட்டுகிறார்கள். தாலி கட்டும் இடத்துக்கு யாரும் இன்னும் போய்ச் சேரவில்லை.

போன வாரம் கலாவுக்கு போன் செய்து, "தீபாவளிப் பலகாரத்த நானே சைக்கிள்ல கொண்டு வந்து குடுத்துடறேன்" என்றேன்.

"யாரு தள்றாங்க?" என்றாள்.