குறையே இல்லாத பெட்டி

முடிவெடுக்கும் கலை உலகத்தில் இரண்டு முறைதான் உச்சத்தைத் தொட்டிருக்கிறது. முதல் முறை எப்போது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது, எங்கள் கம்பெனிக்கு மைய ரவுட்டர் தேர்ந்தெடுத்தபோது.

கம்பெனி என்றால் மூன்று பேர். முதலாளி என் அண்ணன். கம்பத்தில் ஏறி இறங்கியே 'டவர்' என்று பெயர் வாங்கிவிட்ட டெக்னீஷியன். அப்புறம் 'குறை தீர்க்கும் அதிகாரி'யாகிய அடியேன். மாடியில் ஆபீஸ், கீழே அண்ணன் வீடு. மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் காற்றிலேயே இன்டர்நெட் அனுப்புகிறோம். அத்தனை வீட்டு இன்டர்நெட்டும் ஒரே ஒரு பெட்டி வழியாகப் போயாக வேண்டும். அதுதான் மைய ரவுட்டர். பழைய பெட்டி மண்டையைப் போட்டுவிட்டதால், புதிதாக மூன்று பெட்டிகள் சோதனைக்கு வந்தன.

"எதுக்குக் குறைவா புகார் வருதோ, அதை வாங்குறோம். அவ்வளவுதான்!" என்றார் அண்ணன். எனக்குப் புல்லரித்தது.

எங்களிடம் புகாரை ஆப்பில்தான் சொல்ல முடியும். போன் நம்பர் கொடுப்பதில்லை; பேசினால் புகாரில் கோபம் கலந்துவிடும். நேரில் வந்தால் முகதாட்சண்யம் கலந்துவிடும். செல்போன் சிக்னல் எட்டிப் பார்க்காத பகுதி என்பதால், ஆப்பைத் திறக்க ஜனங்களுக்கு எங்கள் இன்டர்நெட்டை விட்டால் வேறு கதியில்லை. ஆபீசுக்கு மட்டும் பக்கத்துத் தெருவிலிருக்கும் இன்னொரு இன்டர்நெட் கம்பெனியின் லைன் போட்டிருக்கிறோம். நாள் முழுக்க நெட் வேண்டுமே!

முதல் பெட்டிக்குப் புகார் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரண்டாவதற்குத் தூறல். மூன்றாவதை மாட்டியதும் சொட்டுகூட இல்லை.

"ஜீரோவா?" அண்ணனுக்குக் குரல் தழுதழுத்தது.

"ஜீரோ," என்றேன், எழுந்து நின்று.

டவர் அந்தப் பெட்டியைத் தடவிக் கொடுத்தான். "சூடே ஆகலண்ணே. சத்தமும் இல்ல. கரண்டுகூட இழுக்க மாட்டேங்குது. தங்கமான பெட்டி!"

அப்போதுதான் அண்ணி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். அவர் சொந்தக் காலில் நிற்பது அந்த வகுப்பால்தான்.

"ஏங்க, காலையிலேருந்து நெட்டே இல்ல. பரீட்சை நேரம். ஏற்கெனவே பன்னெண்டு பிள்ளைங்கள்ல மூணுதான் மிச்சம். அதுங்களும் போயிட்டா என் வகுப்பையே மூட வேண்டியதுதான்!"

"ஆப்ல போடு," என்றார் அண்ணன்.

"ஆப்பைத் திறக்க நெட் வேணாமா?"

"அது தனிப் புகார். அதையும் ஆப்லயே போடு."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயாவது எடுத்துச் சொல்லேன்!"

"வாய்மொழிப் புகாரை ஏற்க எனக்கு அதிகாரம் இல்ல அண்ணி," என்றேன், மிகுந்த பணிவோடு. அவர் படியிறங்கிப் போனார்.

மூன்றாவது பெட்டி ஏகமனதாகத் தேர்வானது. வாரக் கடைசி வரை ஜீரோ அசையவில்லை. அதற்குள் பக்கத்துத் தெருக் கம்பெனி ஆள் ஏணியும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினான். எங்கள் கீழ் வீட்டிலும் ஏறினான்.

அன்றைக்கே எங்கள் ஆப் 'டிங்' என்றது. அண்ணியின் புகார்: "இத்தனை நாள் நான் கத்தினது மாடியில் யாருக்காவது கேட்டதா?"

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "எந்த லைன்லேருந்துடா வந்திருக்கு?"

"பக்கத்துத் தெருக் கம்பெனி லைன்ணே."

"அப்பாடா! நம்ம லைன்ல இன்னும் ஜீரோதானே!"

அப்புறம் டிங், டிங், டிங். ஒரு வீடு பாக்கியில்லாமல் வசை. எல்லாம் அதே லைனிலிருந்து. அண்ணன் உச்சுக்கொட்டினார். "ஐயோ பாவம், இவ்வளவு புகாரா! எவ்வளவு மட்டமான பெட்டி வாங்கியிருப்பாங்க அந்தக் கம்பெனிக்காரங்க!"

கீழேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "பிள்ளைங்களா, நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது மிஸ்!" பன்னிரண்டு இல்லை, மூன்றே குரல்கள்.

"ஒரே சத்தமா இருக்கு, ஜன்னலைச் சாத்து," என்றார் அண்ணன். குறை தீர்க்கும் அதிகாரி என்ற முறையில் நானே எழுந்து போய்ச் சாத்தினேன்.