நைனாவுக்கு நான் வைத்த மேளம்

எங்கள் குடும்பத்தைக் கூழுக்குக் கொண்டுவந்தது நைனா ரிட்டயர் ஆனது அல்ல. அதற்கு நான் வைத்த மேளம்தான்.

அப்போது ராயபுரத்தில் இருந்தோம். நைனாவுக்கு ஹார்பரில் கிரேன் வேலை. அவர் சம்பளத்தில் தாத்தா, நைனாவின் அக்காவான என் அத்தை, அம்மா, நான் (வேலை தேடுவதே என் வேலை) எல்லோரும் சாப்பிட்டோம். தாத்தா சோற்றைவிட இருமல் மருந்தைத்தான் அதிகம் சாப்பிட்டார். எல்லாம் செட்டியார் மளிகையில் மாதக் கடன். சம்பளக்காரன் வீடு என்றால் செட்டியார் கண்ணை மூடிக்கொண்டு பொட்டலம் கட்டுவார்.

அதனால் நைனா ஒரு திட்டம் வைத்திருந்தார். எனக்கு வேலை கிடைக்கும்வரை, ரிட்டயர் ஆனதைப் பற்றி மூச்சு விடாமல், தினமும் தூக்குச்சட்டியோடு கிளம்பிப்போய்க் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வருவது. என்னிடம் மட்டும் சொல்லவில்லை. (என்னிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி என்பது அவர் எண்ணம். சரியான எண்ணம்.)

ரிட்டயர் ஆகிறவருக்கு மாலை போட்டு, மேளத்தோடு வீட்டில் கொண்டுவந்து விடுவது ஹார்பரில் வழக்கம். நைனா வேண்டாம் என்றுவிட்டதாக அவருடைய தோஸ்து ஒருவர் சொன்னார். என்ன அடக்கம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானே மேளம் பேசினேன்.

ஹார்பர் வாசலில் மேளத்தைப் பார்த்ததும் நைனாவின் முகம் வெளுத்தது. "மோளம் வோணாம்டா. நான் சந்து வழியா வூட்டுக்குப் பூட்றேன்" என்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து மாலையைப் போட்டேன். ஊர்வலத்தைச் செட்டியார் கடை முன்னால் நிறுத்தி எல்லோருக்கும் சோடா கேட்டேன், கடனுக்கு.

"இன்னா விசேசம் தம்பி?"

"நைனா இன்னியோட ரிட்டயரு."

சோடா எடுத்த கை நின்றது. "அப்போ வர்ற மாசச் சம்பளம்?"

"வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல. ராஜாவாட்டம் குந்திகினு இருப்பாரு" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

செட்டியார் சோடாக்களைத் திரும்ப வைத்தார். நைனா மாலையைக் கழற்றித் தூக்குச்சட்டியில் போட்டு மூடினார்.

மறுநாளே பொட்டலம் நின்றது. காப்பி போய்க் கூழ் வந்தது. அத்தை வெற்றிலையை விட்டாள். சம்பளம்தான் ரிட்டயர் ஆயிற்று, தாத்தாவின் இருமல் ஆகவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவர் மருந்தில்லாமல் இருமினார். நைனா திட்டவே இல்லை. "வுட்றா. என் சாவுக்கும் சேத்து அடிச்சாச்சு. அந்தச் செலவு மிச்சம்" என்றார்.

சில வருஷத்தில் அவர் போய்விட்டார். சாவு மேளத்துக்குக் காசில்லை. மேளம் எங்கே என்று தெருக்காரர்கள் கேட்டபோது, "அவனுக்கு அப்பவே அடிச்சாச்சு" என்றாள் அத்தை. அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டு, மறுபடி அழுதாள்.

ஒருவழியாக எனக்கும் வேலை கிடைத்து, நானும் ரிட்டயர் ஆன அன்று என் மகன், "மோளம் சொல்லட்டா நைனா?" என்று கேட்டான். நான் சந்து வழியாக வீடு வந்து சேர்ந்தேன்.